வறியார் உறும் நாண் எவர் வினை?

"வறுமை முன்னை வினையின் பயன், ஆகலின் அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும், இடைப்புகுந்து மாற்ற முயல்வார் வினையின் இயல்பு அறியாதார்" என நம்மவருள் சிலர் உரைக்கக் கேட்டிருக்கின்றோம். நூலறிவுடையாரும் இதனை மறாது செல்லுதலின், இதுபற்றி யாம் ஆராய்ந்தவாறு ஈண்டு எழுதப் புகுந்தாம்.

வறுமை என்பது யாது என்பதே முதற்கண் தெளியற்பாலது. உலக வங்கியார் 2025-ஆம் ஆண்டு சூன் திங்களில் நாளொன்றுக்கு மூன்று டாலர் என ஓர் எல்லை வகுத்து, அதற்குக் கீழ் வாழ்வாரைக் கடுவறுமையர் என எண்ணுகின்றனர். நாடுதோறும் விலை வேறுபடுதலை ஒப்பநோக்கிச் செய்த கணக்காதலின், அஃது உண்டியும் உறையுளும் இன்மையை அளத்தற்குப் பயன்படும். அவ்வெல்லைக்கு மேல் நிற்பானும் தன் ஊரார் முன்னர் வறியனாய்த் தலைகவிழ்தலை அக்கணக்குக் காட்டாது.

காட்டிய நூல் பழையது. ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஆதம் ஸ்மித் என்பார் 1776-இல் வெளியிட்ட பொருணூலில், தோற்காலணியை எடுத்துக்கொண்டு இதனை விளக்கினார். அக்காலத்து இங்கிலாந்தில் காலணியின்றி வெளிப்போதற்கு வறிய ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே நாணினர். ஸ்காட்லாந்தில் கடைநிலை ஆடவரும் நாணினர்; அந்நிலைப் பெண்டிர் வெறுங்காலொடு நடத்தல் ஆண்டு இழிவன்று. பிரான்சிலோ இருபாலார்க்கும் அஃது இழிவன்று. கல்லும் குளிரும் மூன்று நாட்டிலும் காலை வருத்தியே யிருக்கும். நாண் மட்டும் எல்லை கடந்தவுடன் நீங்கிற்று.

ஆப்பிரிக்காவின் தென்பால், காலகாரி வறள்நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் என்னும் மக்களிடை 1960-களில் தங்கி ஆராய்ந்த ரிச்சர்டு லீ என்னும் அறிஞர் கண்ட வழக்கமொன்று நம்மனோர் அறியத்தக்கது. வேட்டையிற் பட்ட விலங்கினைப் பகுத்தளிக்கும் உரிமை எய்தவனுக்கன்று. அம்பிற்கு உடையவனுக்கே உரியது. அம்புகளை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்வராதலின், வேட்டைக்குப் போகாதவனும் ஒருநாள் பகுப்பவனாவான். பெரிய விலங்கினை வீழ்த்தினானைப் பிறர் "வெறும் எலும்பு" என எள்ளுவர். அவனும் தன் வேட்டையைச் சிறிதென்றே கூறுவன். கொடுப்பான் செருக்காமைப் பொருட்டு அமைந்த மரபு இது. புலாலுண்ணல் நமக்கு உடன்பாடன்று; பகுத்துண்ணும் முறையே ஈண்டு கொள்ளற்பாலது. அவர் வாழ்க்கை இன்று பெரிதும் மாறிவிட்டது. எனினும், உடைமை ஏறக்குறைய யாதுமில்லாத அக்காலத்தும் அவருள் ஏற்பவன் இழிந்தவன் ஆகவில்லை என்பது நினையத்தக்கது.

செல்வம் மிக்க இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு. ஊர்ப்பொதுப் பொருளால் உதவி பெறும் வறியார், 'பி' என்னும் ஆங்கில எழுத்தைச் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டி வலத்தோட் சட்டையில் யாவரும் காணத் தைத்துக்கொள்ளல் வேண்டுமென 1697-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வறியர் எனப் பொருள்படும் அவர் மொழிச் சொல்லின் முதலெழுத்து அது. 1810-இலேயே அவ்விதி நீக்கப்பட்டது. பின்னர் 1834-இல் வந்த சட்டமோ உதவி வேண்டினாரைத் தொழிற்சாலை விடுதிகளிற் புகுத்தி, கணவனையும் மனைவியையும் வேறு பிரித்தது. வெளியே உழைக்கும் கடையனது வாழ்வினும் உள்வாழ்வு கொடிதாயிருந்தாலன்றி வருவார் தொகை குறையாது என்பது அதனை வகுத்தார் கருத்து.

இவற்றால் வறுமைக்கண் இரு கூறுகள் உள என்பது பெறப்படும். உணவும் உடையுமின்றி உடல் வருந்துதல் ஒன்று. அவ்வின்மைபற்றிப் பிறர்முன் நாணிக் குறுகுதல் மற்றொன்று. பின்னது நாட்டுக்கு நாடு வேறுபடுதலின் இன்மையோடு உடன்பிறந்ததாகாது. அவ்வந் நாட்டார் ஆக்கிச் சேர்த்ததே யாம். உடல் வருத்தத்தைப் பிராரத்தம் என்றே கொள்க. தோளில் எழுத்தைத் தைப்பித்தது எவர் வினை?

பிறர் வாயிலாக வரும் துன்பமும் அவனது பிராரத்தமே யன்றோ எனின், ஆம். ஆயினும், அத்துன்பத்துக்கு வாயிலாய் நின்றான் 'யான் செய்தேன்' என்னும் முனைப்பொடு நின்றமையின், அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறுதலைச் சித்தாந்தம் பயின்றார் எவரும் மறார். உதவாமைக்கு வினைக்கொள்கையைச் சான்று காட்டுவார்க்கும் இதுவே விடை. பிறனது வினைக்கணக்கை அறிந்தார்போலப் பேசுதல் இறைவன் தொழிலைத் தாம் மேற்கொள்ளுதலாம்.

இனி, வறுமை கண்டவழித் தீவினை உண்டெனத் துணிதல் தருக்க நெறிக்கும் ஒவ்வாது. இளையான்குடி மாறனாரது செல்வம் சுருங்கியது தீவினையானன்று; வறுமையினும் அடியாரை அமுதூட்டுதலின் வழுவார் என்பதைக் காட்டுதற்கு இறைவனே சுருங்கச் செய்தருளினான் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. ஏது ஓரிடத்துப் பிறழினும் அனைகாந்திகமாம். எதிர்ப்பட்ட வறியனைப் பாவி என அனுமிப்பார் நாயனாரையும் அங்ஙனமே அனுமித்தல் வேண்டும். அதற்குத் துணிவார் யார்?

துறவிகளின் இன்மையோடு வறுமையை ஒருங்கு வைத்துப் புகழ்தலும் நம்மிடை வழக்காய்விட்டது. தானே விட்டவனை ஊர் வணங்குகின்றது. மகவுக்குப் பாலில்லாத தாய்க்கு அப்புகழாற் பயன் யாது?

இவ்வளவும் எழுதியது நம் திருமடங்களின் அறச்செயல்களை நினைந்தே யாம். இந்நாளில் சில அறநிலையங்களில் அரிசிப் பை பெறுவானை அப்பையொடு நிறுத்தி ஒளிப்படம் எடுத்து, கொடுத்தார் பெயரொடு உலவவிடுகின்றனர். இங்கிலாந்து வறியன் தன் சட்டையை இரவிலேனும் கழற்றி வைத்திருப்பான். மாகேசுர பூசையில் முற்பந்தி சிறப்புடையார்க்கும், எஞ்சியது வாயிலிற் காத்திருப்பார்க்கும் என்னும் முறையும் ஓரோவிடத்து உண்டு. யாம் சென்றிருந்த சிறு மடமொன்றில் வேறு முறை கண்டாம். ஆங்கு வருவார் பெயரும் ஊரும் வினவப்படுவதில்லை. உண்ண வருவாரே இலை நறுக்குதல், நீர் வார்த்தல், பரிமாறுதல் ஆகிய பணிகளை முறைவைத்துச் செய்கின்றனர். முதல்நாள் கடைசி இலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், மறுநாள் எமக்கு அன்னம் இட்டனர்.