மறதியும் சாட்சியும்: விவரணப்படத்தின் அறம் பற்றிய சில சிந்தனைகள்

மறதி மனித இயல்பு என்பர். தனிமனிதரைப் பொறுத்தமட்டில் இக்கூற்றுப் பொருந்தலாம். ஆனால், ஒரு சமூகம் எவரை நினைவிற் கொள்கின்றது, எவரைக் கைவிடுகின்றது என்பது தற்செயலாக நிகழ்வதன்று. நூல் எழுதுவோரும் பாடம் சொல்வோரும் திரைப்பட நெறியாளரும் செய்யும் தேர்வுகளின் திரண்ட விளைவே அது. தேர்வு உள்ளவிடத்துப் பொறுப்பும் உண்டு. அவ்வாறாயின், மறக்கப்பட்ட ஒருவரை மீட்டெடுக்க முனையும் விவரணப்பட நெறியாளர் அவருக்குச் செலுத்தவேண்டிய கடன் யாது? இவ்வினாவை ஓர் அமெரிக்கப் பெண்ணின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு நோக்குவோம்.

1978 ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் ஆறாம் இலக்கப் பிரேரணை மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. தன்பாலீர்ப்புடைய ஆசிரியர்களையும், அவர்களுக்குச் சார்பாகப் பகிரங்கமாகப் பேசும் ஆசிரியர்களையும் அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து நீக்க வழிசெய்வதே அதன் நோக்கம். அதனை முன்னின்று கொணர்ந்தவர் மாநில செனட்டர் ஜோன் பிரிக்ஸ். தொலைக்காட்சி விவாதமொன்றில் அவரை எதிர்த்து இருவர் அமர்ந்தனர். ஒருவர் சான் பிரான்சிஸ்கோ நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க். மற்றவர் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேச்சுக்கலை கற்பித்த சாலி கியர்ஹார்ட். தாம் ஒரு லெஸ்பியன் என்பதனை மறைக்காது பல்கலைக்கழகப் பதவி வகித்த முதற் சிலருள் ஒருவர் அவர், பெண்ணிலைவாதி, நாவலாசிரியர். தன்பாலீர்ப்புடைய ஆசிரியரால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற பிரிக்ஸின் வாதத்திற்கு எதிராக, சிறுவர்மீது பாலியற் கொடுமை புரிவோருள் மிகப் பெரும்பாலோர் பெண்களை நாடும் ஆண்களே என்பதற்கான சான்றுகளை அவ்விவாதத்தில் அடுக்கிக் காட்டியவர் அவரே. நவம்பர் 7 ஆம் திகதி பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. 20 நாட்களின் பின்னர் மில்க் நகர மண்டபத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1984 இல் வெளிவந்த 'தி டைம்ஸ் ஒஃப் ஹார்வி மில்க்' என்ற விவரணப்படத்தில் கியர்ஹார்ட் சாட்சிகளுள் ஒருவராக இருந்து பேசுகின்றார். 2008 இல் வெளிவந்த 'மில்க்' என்ற கதைப்படத்திலோ அவர் இல்லை. மேசையின் ஒருபக்கத்தில் இருந்த இருவர் திரையில் ஒருவராயினர். இதில் வஞ்சகம் இருந்ததென்று கொள்ளவேண்டியதில்லை. கதைக்கு நாயகன் ஒருவன் போதும் என்ற பழக்கமே இதற்குப் போதுமானது. ஆயினும் அந்தச் சிக்கனம் எவருடைய செலவில் நிகழ்ந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

பெண்கள் இயக்கமும் இத்தகையோரை எக்காலமும் வரவேற்றதென்று சொல்வதற்கில்லை. 1969 இல் அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தின் முன்னணித் தலைவியான பெட்டி பிரீடன், லெஸ்பியன் பெண்களை இயக்கத்தின் நற்பெயருக்கு நேர்ந்த 'ஊதாநிற அபாயம்' எனக் கருதினார். 1970 இல் நியூயோர்க்கில் நடந்த பெண்கள் மாநாட்டில் அவர்கள் அந்த வசைப்பெயரையே சட்டையிற் பொறித்துக்கொண்டு எழுந்து நின்றனர். ஆண்கள் முன்னின்ற இயக்கத்தில் பெண் என்பதாலும், பெண்கள் இயக்கத்தில் லெஸ்பியன் என்பதாலும் இவர்கள் இருமுறை பின்தள்ளப்பட்டனர். இவர்களது மறதிக்கு இரண்டு வாயில்கள் இருந்தன எனலாம்.

கியர்ஹார்ட் 2021 இற் காலமானார். டெபோரா கிரெய்க் நெறிப்படுத்திய 'சாலி!' என்ற விவரணப்படம் 2024 இல் வெளிவந்தது. ஒரு பெயர் வரலாற்றிற்கு மீள்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அவரைப் படமாக்க முனையும் எவருக்கும் ஓர் இடர்ப்பாடு காத்திருக்கின்றது. 1982 இல் வெளியான கட்டுரையொன்றில், மனித குலத்தில் ஆண்களின் விகிதம் நூற்றுக்குப் பத்தளவாகக் குறைக்கப்படவேண்டும் என்று அவர் எழுதினார். விவாத மேடையில் நிதானமாகச் சான்று காட்டிய அதே பெண்ணின் கருத்தே இதுவும். இதனைத் திரையிற் காட்டுவதா, விடுவதா?

விட்டுவிடுவதே நன்று எனச் சிலர் வாதிடுவர். ஏற்கெனவே இழிவுபடுத்தப்பட்ட ஒருவரின் குறையை வெளிக்காட்டுவது பகைவர் கையில் வாளைக் கொடுப்பதாகும் என்பது அவர்கள் கருத்து. இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. எனினும் ஆழ்ந்து நோக்குமிடத்து அதன் பலவீனம் புலனாகும். குறையற்றவராக இருந்தால் மாத்திரமே நினைவுக்கு உரியவர் என்று விதிப்பது, அவரை இரண்டாம் முறை அழிப்பதாகும். முதலில் அழிந்தது பெயர். இப்பொழுது அழிவது ஆள். பெயரை வைத்துக்கொண்டு ஆளை மறைப்பது சிலைக்குத் தகும், சாட்சியத்திற்குத் தகாது.

இவ்விடத்துக் கியர்ஹார்ட்டின் சிந்தனையே நமக்குத் துணைபுரிகின்றது. பிறரை இணங்கச் செய்யவேண்டும் என்ற நோக்கமே ஒருவகை வன்முறை என 1979 இல் அவர் எழுதினார். முந்திய ஆண்டில் ஒரு மாநிலத்தின் வாக்காளரை இணங்கச் செய்ய வாதிட்டவர், பேச்சுக்கலையைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர், இவ்வாறு எழுதியமை வியப்புக்குரியது. அக்கூற்று முழுமையும் ஏற்கத்தக்கதென்று நான் கருதவில்லை. அவரும் மில்க்கும் போன்றோர் வாதிடாதிருந்திருப்பின் ஆசிரியர் பலர் தொழில் இழந்திருப்பர். ஆனால், விவரணப்படத்தைப் பொறுத்தவரை அது கூரிய எச்சரிக்கையாகும். நம்மை வணங்கச் செய்வதற்காகக் காட்சிகளைப் பொறுக்கும் படம் நம்மீதும் வன்முறை செய்கின்றது, அவர்மீதும் செய்கின்றது.

முழுமையாகக் காட்டுக என்றால் எல்லாவற்றையும் காட்டுக என்று பொருளன்று. கியர்ஹார்ட் தாமாகவே முன்வந்தவர். 1977 இல் வெளியான 'வேர்ட் இஸ் அவுட்' என்ற படத்திற் கமராவின் முன் தம் வாழ்வைப் பேசிய 26 பேருள் அவரும் ஒருவர். அவர் அச்சேற்றிய கருத்துக்கள் பொதுச்சொத்து. ஆனால், பழைய ஒளிப்படமொன்றில் அவரருகே நிற்கும், பெயர் கூற விரும்பாத இன்னொரு பெண்ணின் முகம் பொதுச்சொத்தாகாது. வெளிச்சம் எல்லோர்க்கும் நன்மையாக முடிவதில்லை. நமது நாட்டின் அனுபவமும் இதற்குச் சான்று பகரும். தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்னர் ஆண்களை மாத்திரமே குறித்தது. 1995 இன் திருத்தம் அவ்வாசகத்தைப் பொதுமையாக்கிப் பெண்களையும் அதன்கீழ்க் கொணர்ந்தது. அதுவரை சட்டத்தின் கண்ணிற் படாதிருந்த பெண்கள், கண்ணிற் பட்டபோது குற்றவாளிகளாகவே பட்டனர். ஆகவே பொதுவாழ்வில் ஒருவர் சொன்னதையும் செய்ததையும் மறையாது காட்டுதல், அவர் நமக்குத் தராத அந்தரங்கத்தைத் தொடாது விடுதல் என்ற இரண்டும் ஒரே மதிப்பின் இருபக்கங்களாகும்.

மறக்கப்பட்டோர் நம்மிடம் வேண்டுவது புகழ்மாலையன்று. அவர்கள் இருந்த இடத்தில் அவர்களை மீண்டும் இருத்துதலே நாம் செய்யக்கூடியது. அந்த விவாத மேசையில் இருவர் இருந்தனர். அவ்விருவரையும், அவர்தம் தெளிவோடும் தவறோடும், காட்டுவதே சாட்சியம். அதற்குக் குறைந்தது மறதி. அதனினும் மிகைப்பட்டது வழிபாடு. இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை என்பதே எமது துணிபு.