இளவேனிலும் இல்லமும்

பிறந்த வீட்டின்மீது கொண்ட அன்பும், வேம்பு பூக்கும் காலத்தில் உள்ளத்தே எழும் களிப்பும் தம்மத்திற்கு மாறானவையா? நம் கூட்டங்களில் இளைஞர் எவரேனும் இவ்வாறு வினவினால், முதியோர் பலர், “ஆம், அவையெல்லாம் பற்று, பற்றே துக்கத்தின் வேர்” என்று உடனே விடையிறுத்து விடுகின்றனர். வினவியவன் தலைகுனிந்து அமர்கின்றான். அவன் மனம் தெளிந்ததா, அன்றி வாய் மட்டுமே அடைபட்டதா என்பதை ஆராய்வார் இல்லை. திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்ற குடும்பங்களில் வளரும் பிள்ளைகள், தம்மம் என்பது மகிழ்ச்சிக்கு இடப்பட்ட தடை என்று எண்ணத் தலைப்படுவார்களாயின் அக்குற்றம் அவர்களுடையதன்று. ஆதலின் இவ்வினாவின்முன் சற்று நின்று நோக்குவோம். நமக்குத் துணையாக, ஐதராபாத்தில் வளர்ந்த ஒரு சிறுமியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

பிற்காலத்தில் கவிக்குயில் என்று புகழப்பெற்ற சரோஜினி தேவியாரே அச்சிறுமி. 1879-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் எண்மருள் மூத்தவர். தந்தையார் அகோரநாத் சட்டோபாத்தியாயர் வங்காளத்து அந்தணர். எடின்பரோவில் விஞ்ஞானப் பட்டம் பெற்று வந்து, பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கல்வி நிலையத்தின் முதல்வராய் விளங்கியவர். கைப்பொருளையெல்லாம் இரண்டு வழிகளிலே செலவிட்டார் என்று மகளாரே எழுதியுள்ளார்: ஒன்று பிறர்க்கு உதவுதல், மற்றொன்று இரசவாதத்தால் பொன் செய்ய முயலுதல். அவர் வீட்டுத் தோட்டத்தில் நாள்தோறும் ஓர் அவை கூடும். எல்லாச் சமயத்துக் கற்றோரும், அரசரும், இரவலரும், துறவியரும், வெளிப்படையான போக்கிரிகளுங்கூட அங்கே ஒருங்கே அமர்ந்திருப்பர். தாயார் வரதசுந்தரி அம்மையார் பாடல் புனைபவர். இத்தகைய வீட்டிலே வளரும் குழந்தைக்கு வீரச்செயல் தேடி வெளியே செல்ல வேண்டிய தேவை ஏது?

‘பொன் வாயிற்படி’ என்று பொருள்படும் பெயருடன் 1905-இல் இலண்டனில் வெளியான அவருடைய கவிதை நூலுக்கு ஆர்தர் சைமன்ஸ் என்னும் ஆங்கிலப் புலவர் எழுதிய முன்னுரையில் அவ்விளமைக்கால நிகழ்ச்சிகள் சில காணப்படுகின்றன. ஒன்பது வயதளவில் ஆங்கிலம் பேச மறுத்தமைக்காக அச்சிறுமி ஒரு நாள் முழுவதும் தனியறையில் அடைக்கப்பட்டார். வெளியே வரும்போது அம்மொழியைப் பேசுபவராகவே வந்தார். (இக்கல்வி முறையை நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.) பதினொரு வயதில் இயற்கணிதக் கணக்கு ஒன்று சரிவராமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, விடைக்குப் பதிலாக ஒரு கவிதை முழுவதுமாக வந்து நின்றது. கணித மேதையாக வேண்டும் என்று தந்தையார் விரும்பிய பெண்ணின் வழி அன்றே மாறிற்று. பன்னிரண்டு வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பதின்மூன்று வயதில், ஆறே நாளில் ஆயிரத்து முந்நூறு அடிகள் எழுதினார். நோயுற்றிருக்கும்போது நூலைத் தொடலாகாது என்று மருத்துவர் விதித்தபோது, அம்மருத்துவரைச் சினமூட்டுவதற்காகவே ஈராயிரம் அடிகளில் ஒரு நாடகம் எழுதி முடித்தார்! அதன் பின்னர்த் தடித்தடியான நாட்குறிப்பேடுகளையும் எழுதிக் குவித்தார். அந்நாளில் தம்மைத் தாமே மிகப் பெரிதாக எண்ணியிருந்ததாகப் பின்னர் நகைத்துக்கொண்டார்.

அந்நகைப்பில் ஓர் உண்மை உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் இளவேனிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினாறு வயதில், நிஜாமின் உதவித்தொகை பெற்று, 1895-இல் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே எட்மண்ட் காஸ் என்னும் திறனாய்வாளர் அவர் கவிதைகளைப் படித்துப் பார்த்தார். செய்யுள் பிழையின்றி இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவை ஆங்கில நாட்டுப் பறவைகளும், ஆங்கிலக் கிராமத்துத் தேவாலய மணிகளுமே. தக்காணத்துப் பெண் தக்காணத்தையே பாட வேண்டும். இவற்றை எறிந்துவிடுக என்று காஸ் அறிவுரை கூறினார். இதனை 1912-இல் வெளிவந்த அவருடைய அடுத்த நூலின் முன்னுரையில் காஸ் தாமே எழுதியுள்ளார். தாம் பிறந்த ஊரின் வசந்தத்தைக் காண்பதற்கு அப்பெண் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நாமும் இதில் சற்று நாணவேண்டியவர்களே. நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் வசந்தம் என்றால் பனி உருகுவதையும், காணாத மலர்களையும் கற்கின்றனர். தமிழர்க்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். தெலுங்கானத்துக் காடுகளில் அதற்கு முன்னரே, மாசி பங்குனியில், மோதுகு மரம் இலையுதிர்த்துத் தீப்பற்றியதுபோல் பூத்து நிற்கும்; நாம் புரசு என்பது அதனையே. சென்னைப் புரசைவாக்கம் தன் பெயரை அம்மரத்தால் பெற்றது என்பர். யுகாதி நாளில் ஐதராபாத்து வீடுகளில் வேப்பம்பூவும் புதுப்புளியும் வெல்லமும் மாங்காயும் கலந்த பச்சடி உண்பர். கசப்பை ஒதுக்கிவிட்டு எவரும் அதனை உண்பதில்லை.

பௌத்தராகிய நமக்கு இளவேனில் வேறொரு வகையிலும் உரியது. மணிமேகலை என்னும் இளம்பெண் தம்மத்தின் வழியில் முதலடி வைத்தது மடத்தில் அன்று, பூஞ்சோலையில். பெற்றோர்க்கு நேர்ந்ததை நினைந்து அவள் சிந்திய கண்ணீர் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழ, புதுமலர் பறித்து வருமாறு தாய் மாதவி அவளை அனுப்புகின்றாள். அமுதசுரபியும் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் இளவேனிற் பருவத்தில், புத்தர் பிறந்த நன்னாளிலேதான் ஆண்டுதோறும் மேலே தோன்றும் என்று அக்காப்பியம் கூறுகின்றது. மலரையும் தாயையும் விலக்கிவிட்டால் அக்கதையே இல்லை.

சரோஜினி தேவியார் ஊர் திரும்பிய பின் சைமன்ஸுக்கு ஐதராபாத்து மார்ச்சு மாதக் காலை ஒன்றை வருணித்துக் கடிதம் எழுதினார். வேம்பும் சண்பகமும் வாகையும் மணக்க, கூடுகட்டும் பறவைகள் கூவ, செவ்வல்லிகள் ஒளிர்ந்த காலை அது. அங்கே அவர் நிற்கவில்லை. அம்மலர்கள் தம் குருதியால் நெய்யப்பட்டவை, அப்பறவைகள் தம் உயிரே என்னும் அளவுக்குச் சென்றுவிட்டார். தம்மைத் தாமே பெரிதாக எண்ணிய நாட்குறிப்பு எழுத்தாளர் இங்கே மீண்டும் எட்டிப் பார்க்கின்றார். வசந்தம் வந்தது என்பது வேறு. வசந்தம் நானே என்பது வேறு. முன்னது காட்சி; பின்னதில் ‘நான்’, ‘எனது’ என்னும் இரண்டும் குடிபுகுந்து விடுகின்றன. வியப்பு யாதெனின், முன்னர்க் குறித்த 1905-ஆம் ஆண்டு நூலிலேயே தாமரைமேல் அமர்ந்த புத்தரை நோக்கிய கவிதையும் இருக்கின்றது. மாறிக்கொண்டே இருக்கும் வாழ்வில் அலைவுறும் எம் போன்றோர் உம் அமைதியை எய்துவது எங்ஙனம் என்று அதில் அவர் கேட்கின்றார். களித்த உள்ளமும் கேட்ட உள்ளமும் ஒன்றே.

அவர் கேட்டது வெறும் கவிமரபு அன்று என்பதை அக்குடும்பத்தின் வரலாறு காட்டுகின்றது. தோட்டத்து அவையை நடத்திய தந்தையார் 1915-இல் கல்கத்தாவில் மறைந்தார். ஓராண்டு இளையவரான தம்பி வீரேந்திரநாதர் இங்கிலாந்து சென்று விடுதலைப் புரட்சியாளராகி, ஐரோப்பிய நாடுகளில் அலைந்து, 1937-இல் சோவியத்து நாட்டில் கொல்லப்பட்டார். ஐதராபாத்தை அவர் மீண்டும் காணவேயில்லை. சரோஜினி தேவியார் 1949 மார்ச்சு 2-ஆம் நாள், மற்றொரு வசந்தத்தின் தொடக்கத்தில், இலட்சுமணபுரியில் காலமானார். நூலின் பெயரே பூண்ட நாம்பள்ளி இல்லத்தில் 1974-இல் ஐதராபாத்துப் பல்கலைக்கழகம் தன் பணியைத் தொடங்கிற்று. சிறுமி கணக்குப் போட்ட குடும்பத்தின் வாயிற்படியை அயலார் பிள்ளைகள் ஆயிரவர் மிதித்தனர். இதில் வருந்துதற்கு என்ன இருக்கின்றது?

அமர்ந்த புத்தரை அவர் பாடினார். இன்று அந்நகரத்தில் நிற்கும் புத்தர் ஒருவர் இருக்கின்றார். கணபதி ஸ்தபதியார் தலைமையில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட அத்திருவுருவம், 1990 மார்ச்சில் உசேன் சாகர் ஏரியைக் கடக்கையில் மிதவை கவிழ்ந்து, உடன் சென்றோர் சிலர் உயிரையும் கொண்டு நீரில் மூழ்கிற்று. ஈராண்டுக்கு மேல் அடியில் கிடந்தபின் 1992 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. மாலை வேளைகளில் குடும்பங்கள் படகேறிச் சென்று அதன் அடியில் நிற்கின்றன. வலக்கை உயர்ந்து ‘அஞ்சற்க’ என்கின்றது. எதற்கு அஞ்சவேண்டா? துன்பத்திற்கு என்றே நாம் பொருள் கொள்கின்றோம். ஆனால் இன்பத்திற்கும் அஞ்சவேண்டாத நிலை ஒன்று உண்டு என்பதைத் ததாகதர் தம் வாழ்விலிருந்தே கூறியிருக்கின்றார்.

மஜ்ஜிம நிகாயத்தில் மகாசச்சக சூத்திரம் அதனைக் கூறுகின்றது. ஆறாண்டு கடுந்தவத்தால் உடல் எலும்புக்கூடாகியும் உண்மை கிட்டாதபோது, போதிசத்துவருக்குத் தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. தந்தையார் வேலையில் ஈடுபட்டிருக்க (ஏர்மங்கல விழா என்று உரைகாரர் கூறுவர்), தாம் நாவல் மரத்தின் குளிர்நிழலில் தனித்து அமர்ந்திருந்ததும், அப்போது உள்ளத்தே அரும்பிய இன்பமும் நினைவில் எழுந்தன. இதுவே வழியாகுமோ என்று எண்ணினார். அவ்வின்பத்திற்குத் தாம் ஏன் அஞ்சுகின்றோம் என்று தம்மையே வினவினார். அஞ்சவேண்டியதில்லை என்று தெளிந்தார். பசியாலும் வருத்தத்தாலும் கிட்டாத கதவு, தந்தையின் வயலோரத்தில் ஒரு சிறுவன் கண்ட மகிழ்ச்சியின் நினைவால் திறந்தது.

கற்றறிந்த அன்பர் ஒருவர் இங்கே தடை எழுப்பக்கூடும். சூத்திரம் கூறும் அவ்வின்பம் புலனின்பத்தினின்று விலகியது. பூவையும் குயிலையும் கண்டு களிப்பதோ புலனின்பம். இரண்டையும் ஒன்றாக்குவது முறையா என்பார். தடை சரியானதே. இரண்டும் ஒன்றென்று நாமும் கூறவில்லை. ஆனால் அச்சிறுவன் நாவல் நிழலைப் பறித்து மடியில் கட்டிக்கொள்ள முயலவில்லை என்பதைக் காண்க. குழந்தைகளின் மகிழ்ச்சியில் பெரும்பகுதி இத்தகையதே. வேப்பம்பூ உதிர்வதைப் பார்க்கும் குழந்தை அது உதிராதிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்கக் கற்பிப்பவர் நாம்.

மிகத் தெளிவாக இது விளங்குவது மணப்பேச்சில். பதினைந்து வயதளவில் சரோஜினி தேவியார் மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடுவிடம் அன்பு கொண்டார். இரு குடும்பத்தாரும் சாதி வேற்றுமை காரணமாக எதிர்த்தனர். 1895-இல் அவர் கடல் கடந்து சென்றதும் தம் விருப்பத்தால் அன்று. அரசரும் இரவலரும் சமமாக அமர்ந்த தோட்டத்தையுடைய வீடு அது; தந்தையாரோ பிரம்ம சமாஜக் கொள்கையினர். அவ்வீட்டிலும் ‘என் மகள்’ என்னும் சொல் எழுந்தவுடனே அவை கலைந்துவிட்டது. 1898 செப்டம்பரில் திரும்பி வந்த பெண், அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னையில் தாம் விரும்பியவரை மணந்தார்.

இதனை அயல்வீட்டுக் கதையாக நாம் கேட்டுவிட்டுப் போக இயலாது. சாதியை விட்டோம் என்று உறுதி கூறித் தம்மம் புகுந்த இல்லங்களிலும், மகனுக்குப் பெண் பார்க்கும் நாளில் பழைய உட்பிரிவின் பெயர் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றது. கேட்பவர் கொடியவர் அல்லர். பிள்ளையின் நலத்திற்காகவே கேட்பதாக மெய்யாகவே நம்புகின்றனர். வேப்பம்பூவைப் பார்த்து மகிழும் மகனிடம் பற்றினைக் கண்டிக்கும் அதே நாவு, இங்கே பற்றினைக் கடமை என்று அழைக்கின்றது. இளைஞர் கேட்கும் வினாவுக்கு நம் முதியோர் விடையிறுக்க விரைவது, இவ்வினா தம்மேல் திரும்பாதிருக்கவோ என்று கூட நமக்கு ஐயம் எழுவதுண்டு.

ஞானம் பெற்றபின் ததாகதர் கபிலவத்துவுக்குச் சென்ற வரலாறும் இளவேனிலில் நிகழ்ந்ததே. தந்தை சுத்தோதனர் விடுத்த தூதர் பலரும் துறவு பூண்டு வந்த செய்தியை மறந்துவிட, இளமைத் தோழரான காளுதாயி மட்டும் மறவாது காத்திருந்தார். பங்குனி முழுமதி வந்தது. மரங்கள் தழல்போல் பூத்திருக்கின்றன. குளிரும் மிகுதியில்லை, வெயிலும் மிகுதியில்லை. உறவினரைக் காணப் புறப்படும் காலம் இதுவே என்று அவர் பாடி வேண்டினார். அப்பாடல்கள் தேரகாதையில் உள்ளன. பூக்களின் பெயரால் விடுத்த அவ்வழைப்பைப் பகவான் மறுக்கவில்லை. வீடு நோக்கி நடந்தார்.

வீட்டில் நிகழ்ந்தது இனிமையானது மட்டும் அன்று. இராகுலன் தாய் சொற்படி தன் உரிமைச் சொத்தைக் கேட்டுப் பின்னே வந்தான். தந்தையின் நிழல் இனியது என்றான். துறவே அவனுக்குச் சொத்தாயிற்று. செய்தி அறிந்த முதியவர் சுத்தோதனர் வந்து நின்றார். மகன் பிரிந்தபோதும் நந்தன் பிரிந்தபோதும் உற்ற துன்பம் பெரிது, இதுவோ அவற்றினும் பெரிது, மைந்தர்மேல் கொண்ட அன்பு தோலையும் தசையையும் எலும்பையும் துளைத்து உள்ளே செல்கின்றது என்று கூறினார். பின்னர் ஒரு வரம் வேண்டினார்: பெற்றோர் இசைவின்றி இனி எந்தப் பிள்ளைக்கும் துறவு தரலாகாது. பகவான் அதனை ஏற்று விநய விதியாகவே வகுத்தார். இன்றுவரை சங்கத்தில் அவ்விதி வழங்குகின்றது. அந்த அன்பு பொய் என்றோ, அறியாமை என்றோ அவர் அம்முதியவரிடம் கூறவில்லை. முதியவரும் இராகுலனைத் திருப்பித் தருமாறு கேட்கவில்லை.