ஆப்தர் யார்?

வேளச்சேரி தண்டீசுவரர் ஆலயத்தை, யமன் தான் இழந்த தண்டத்தை மீண்டும் பெற்ற ஸ்தலம் என்ற அளவிலேயே பெரும்பாலோர் அறிவார்கள். அந்த ஸ்தலபுராணத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. சோமுகாசுரன் வேதங்களைக் கவர்ந்து கடலடியில் ஒளித்தான் என்றும், திருமால் மச்சாவதாரம் எடுத்து அவற்றை மீட்டார் என்றும், மீண்டு வந்த பின்னரும் அசுரனிடம் இருந்ததால் நேர்ந்த தோஷம் நீங்க வேண்டி நான்கு வேதங்களும் இங்கே ஈசனை வழிபட்டன என்றும் அது சொல்கிறது. நூல் மீண்டுவிட்டது என்றால் அதற்கு மேல் தோஷம் ஏது என்று கேட்கத் தோன்றும். எழுத்து சிதையாவிட்டாலும், இடையில் அது எவர் கையில் இருந்தது என்பது ஒரு வாக்கின் பிராமாணியத்தைத் தொடுகிற விஷயம் என்பதையே புராணகர்த்தா கதையாக வைத்தார் என்று நான் கொள்கிறேன்.

கடலடியிலிருந்து இல்லாவிட்டாலும், கறையானிடமிருந்து நூல்களை மீட்கும் காரியம் இந்த ஆலயத்தைச் சுற்றிய வட்டாரத்திலேயே நடந்து வருகிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில், பிறர் பழந்தாள் என்று கழித்ததையெல்லாம் தம் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்த ரோஜா முத்தையா 1992இல் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. 1994இல் உருவான அந்த ஆராய்ச்சி நூலகம் இன்று அடுத்த ஊராகிய தரமணியில் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் பெயரால் 1943இல் தோன்றிய நூல்நிலையம் அவருடைய ஏட்டுச் சுவடிகளைக் காத்து நிற்கிறது. கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் மின்னூலகம் ஒன்றைத் திறந்தது. ஐயர் ஊர் ஊராக அலைந்து, வீட்டுக்காரர் மனம் இளகும் வரை திண்ணையில் காத்திருந்து கண்ட நூல்களை, இன்று வேளச்சேரியில் மாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவர் நள்ளிரவில் படுத்தபடியே படிக்கிறார். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு. மின்னூலகத்தில் ஒரு நூலைத் திறந்தால், பதிப்பித்தவர், அச்சுக்கூடம், ஆண்டு ஆகியவற்றைத் தாங்கிய முகப்புத் தாளும் கூடவே வருகிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, ஸ்விட்ஸர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளில், எந்த அச்சு நூலை ஆதாரமாகக் கொண்டார்கள், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற குறிப்புகளைக் காணலாம். அவசரக்காரர்கள் தாண்டிச் செல்லும் அந்த நாலைந்து வரிகளை நான் ஒரு சிறிய குருபரம்பரையாகவே மதிக்கிறேன்.

அண்மையில் வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ நூலைக் காட்டுவதோடு நில்லாமல் தாமே விடை சொல்லுகின்றன. ஏதேனும் ஒரு பொருளைப் பற்றித் திருமூலர் என்ன சொன்னார் என்று வினவினால், சில வேளைகளில் திருமந்திரத்தில் எங்கும் இல்லாத ஒரு செய்யுளைத் தாமே யாத்து, பாட்டு எண்ணையும் கூசாமல் சேர்த்துக் கொடுக்கின்றன. இந்த வாக்கை என்னவென்று கொள்வது? ஆப்தனுடைய உபதேசமே சப்தப் பிரமாணம் என்பது நியாய சூத்திரம். ஒரு பொருளைத் தானே உணர்ந்து, உணர்ந்தபடியே பிறருக்கு உரைக்க வேண்டும் என்ற விருப்பத்தால் பேசுகிறவனே ஆப்தன் என்றும், அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் வாத்ஸ்யாயனர் அதற்கு உரை கண்டார். குலமும் தேசமும் தடையல்ல என்ற அந்த விசாலமான வாயிலிலும் இந்தக் கருவி நுழைய முடியவில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணக்கே அதன் முதலாக இருக்க, அது உணர்ந்த பொருளும் இல்லை, உரைக்கும் விருப்பமும் இல்லை. பொய்யன் என்று வையவும் இயலாது. பொய் சொல்வதற்கும் மெய் தெரிந்திருக்க வேண்டுமே!

மீமாம்சகர் வழியில் ஒருவர் ஆக்ஷேபிக்கலாம்: கர்த்தா இல்லாமையால் வேதத்துக்குக் கர்த்தாவின் குற்றங்களும் இல்லை என்றால், பேசுபவன் இல்லாத இந்த வாக்குக்கு மட்டும் என்ன குறை? ஆனால் வேதத்தைக் காத்தது கர்த்தா இல்லாமை மட்டுமன்று. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதி, ஒரு ஸ்வரம் பிறழ்ந்தாலும் அங்கேயே பிடித்துத் திருத்திய அத்தியயன பரம்பரை அதற்குக் காவலாக நின்றது. கருவியின் வாக்குக்கு ஆசிரியனும் இல்லை, காவலும் இல்லை.

மனிதர் மட்டும் இடைச்செருகல் செய்யவில்லையா என்பது இதைவிட வலிய கேள்வி. செய்தார்கள், திருமந்திரத்திலேயே பிற்காலத்துப் பாடல்கள் கலந்திருப்பதாகக் கருதும் அறிஞர் உண்டு. ஆயினும் அந்த ஐயத்தை எழுப்பவே ஏடுகள் இடம் தருகின்றன. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு பிரதியும் தனித்தனியே அவர் முன் கிடந்ததுதான். எல்லாப் பிரதிகளையும் கரைத்து ஒரே குரலாக வார்த்துவிட்டால், எந்தப் பாடம் எவருடையது என்று பிரிப்பவர் யார்?

இப்போது சில கருவிகள் விடையோடு மூலநூலின் சுட்டியையும் தருகின்றன. அது நல்ல மாறுதல். நூலக வாயிலில் நின்று வழிகாட்டும் சேவகனாக இருப்பதே அவற்றுக்குத் தகுந்த ஸ்தானம், ஆசாரியனாக அமர்வதன்று. அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: திருமூலர் வாக்கென்று ஒரு செய்யுள் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால், அதை அச்சுப் பதிப்பிலோ மின்னூலகத்திலோ கண்ட பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள், அங்கே காணவில்லை என்றால், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் திருமூலர் பெயரால் அனுப்ப வேண்டாம்.