என்பின் உள்ளமைப்பு



ஆன்மாக்கள் மலநீக்கம் பெற்று உய்தற்பொருட்டுத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் சிவபெருமான் உபகரித்தருளினார் என்று மாணாக்கருக்குப் போதிக்கின்றோம். அத்தனுவைத் தாங்கும் என்பு எத்தன்மைத்து என ஒருவன் வினவின், உலர்ந்த விறகு போல்வதென்று கூறி அமைவார் பலர். அது பொருந்தாது.

என்பின் புறம் கெட்டியான ஓடு. நெட்டென்பின் முனைகளின் அகமோ கடற்பஞ்சு போன்ற பின்னல். அப்பின்னலின் இழைகள் கண்டபடி ஓடுவனவல்ல. பாரம் இறங்கும் வழியே நிரல்பட்டு நிற்பன. தொடையென்பின் தலையை நெடுக அறுத்து நோக்கின் இது புலனாம். யூலியஸ் வோல்ப் என்னும் ஜெர்மனி தேசத்து வைத்தியர் இதனை விரித்து 1892ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பின்னலின் இடைவெளிகளிலுள்ள செம்மச்சையிலே இரத்தக் கலங்கள் உற்பத்தியாகின்றன. பழைய என்பை அரிக்குங் கலங்களும் புதியதைக் கட்டுங் கலங்களும் ஓயாது தொழில் செய்தலால், வளர்ந்தோரது என்பில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகின்றது. விறகுக்கு இஃது உண்டோ?

பிற உயிர்களிடத்தும் அவ்வவற்றின் வாழ்வுக்கேற்ற அமைப்பையே காண்கின்றோம். பருந்தின் தோளென்பினுள் மச்சைக்கு மாறாக வாயு நிறைந்துள்ளது. மன்னார்க் குடாக்கடலிலே புல் மேயுங் கடற்பசுவின் விலாவென்போ உட்குழலின்றி முழுதுங் கெட்டியானது. அப்பாரமே அது நீருள் அமிழ்ந்து மேய்தற்குத் துணையாகின்றது.

இனி நம் கையிலுள்ள பிரம்பைப்பற்றிச் சிறிது பேசுவோம். சிறுவரது என்பு இன்னும் முற்றுப்பெறாதது. விரலென்பு ஒவ்வொன்றிலும், மூட்டுக்கு அணித்தாக, குருத்தென்பாலாகிய மெல்லிய தகடு ஒன்றுண்டு. என்பு நீளத்தில் வளர்வது அத்தகட்டினாலேயாம். சூழ்ந்த என்பிலும் அது வலி குறைந்தது. பதின்பருவத்தின் பிற்பகுதியிலேயே என்பாக மாறி மறைவது. கடிய அடியால் அது சிதையின், விரல் வளைதலும் வளர்ச்சி தடைப்படுதலும் கூடும். கைவிரல்களை மடக்கச்செய்து மூட்டின்மேல் அடிக்கும் ஆசிரியர் இதனைச் சிந்தித்தாரல்லர். இறைவன் ஓர் ஆன்மாவுக்கு உதவிய கருவியை ஊறுசெய்ய நமக்கு அதிகாரம் அளித்தவர் யாவர்? "அடியாத மாடு படியாது" என்பாருமுளர். கன்றின் காலென்பிலும் அத்தகடு உண்டு. இளங்கன்றை நுகத்திற் பூட்டுங் கமக்காரனை யாம் கண்டிலேம்.

விளையாட்டில் வீழ்ந்த பிள்ளை விரல் நோகின்றதென்றால், இழுத்து நெட்டி முறியாது வைத்தியசாலைக்கு அனுப்புக. எக்ஸ் கதிர்ப் படத்திலே அத்தகடு என்பாகத் தோன்றாது; என்பினிடையே ஓர் இருண்ட கோடாகவே தோன்றும்.