விடுமுறை நாளின் சிரிப்பு

வாரத்தில் ஒரு நாளை மற்ற நாட்களிலிருந்து விலக்கி வைப்பதற்கு மதங்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு: வழிபாடு, ஓய்வு. சொல்லாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வது களிப்பு. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவன் சனிக்கிழமை மாலை பஸ் பிடித்துக் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போகிறான். ஞாயிறு காலை அம்மாவோடு சர்ச்சுக்கோ கோயிலுக்கோ போய்வருகிறான். மத்தியானம் கறிச்சோறு, பிறகு கூட்டாளிகளோடு கிரிக்கெட், இருட்டும்வரை அரட்டை. இதில் சாமிக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்கும் பெரியவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. கேலியும் ஆட்டமும் பக்தியை நீர்க்கச் செய்கின்றனவா, அல்லது பக்திக்குள்ளேயே அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்பதே அந்தக் கணக்குக்கு அடியில் கிடக்கும் கேள்வி.

நீலகிரியில் ஒரு நாளை விலக்கி வைக்கும் வழக்கம் ஞாயிற்றுக்கிழமையோடு வந்து சேர்ந்ததல்ல. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற மானுடவியலாளர் 1901–02இல் இம்மலையின் பழங்குடியினரான தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906இல் தம் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு மந்துக்கும், அதாவது தோடர் குடியிருப்புக்கும், வாரத்தில் அதற்கென்றே ஒரு விலக்கு நாள் இருந்ததை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். அன்று பணம் மந்தை விட்டு வெளியே போகக் கூடாது. பெண்கள் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது. இன்னும் பல வேலைகளுக்கும் தடை. போயே தீரவேண்டிய பெண் என்ன செய்வாள்? பொழுது விடியுமுன் மந்துக்கு வெளியே போய்விடுவாள். வெளிச்சம் வந்ததும் திரும்பி வந்து வீட்டு வேலைகளை முடிப்பாள். அதன்பின் தாராளமாகப் புறப்படலாம். முறைப்படி பார்த்தால் அவள் விலக்கு நாள் தொடங்குமுன்பே ஊரைவிட்டுப் போனவள் அல்லவா!

இதைப் போலித்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் விதியை மதிக்காதவருக்கு விடியுமுன் குளிரில் எழுந்து வெளியே நிற்கவேண்டிய அவசியமே இல்லை. யூதர்களும் சப்பாத் நாளில் வீட்டுக்கு வெளியே பொருள் சுமக்கக் கூடாது என்ற தடையைக் காப்பாற்றிக்கொண்டே, ஒரு பகுதி முழுவதையும் எல்லை கட்டி ஒரே வீடாகக் கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். விதியை அஞ்சி நடுங்காமல், கைவிடவும் செய்யாமல், அதனோடு பேரம் பேசி வாழ்வது உரிமையுள்ள உறவின் அடையாளம். அந்நியரிடம் யாரும் பேரத்தில் இப்படி உரிமை எடுத்துக்கொள்வதில்லை.

இன்றைய மாணவனின் வார விடுமுறை வேறு வழியில் வந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஞாயிற்றுக்கிழமையை நகரத்தாருக்கு ஓய்வு நாளாக்கினார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். ஊட்டியில் 1829இல் அடிக்கல் நாட்டி 1830இல் அர்ச்சிக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் மணியோடு அந்த ஞாயிறு மலைக்கும் ஏறியது. ஆனால் ஆலயமணி அடித்ததால் மட்டும் கூலிக்காரருக்கு லீவு கிடைத்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி 1890இல்தான் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வுக்குச் சட்டத்தில் இடம் தந்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். லைன் வீட்டு இந்துவுக்கு அம்மனுக்கு உகந்த நாட்கள் பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும்தான். இருந்தும் குடும்பம் சேர்ந்து கோயிலுக்குப் போக வாய்ப்பது ஞாயிறன்றே. கிறித்தவத்திலிருந்து வந்த நாளைத் தொழிற்சட்டம் எல்லார் கையிலும் கொடுத்துவிட்டது.

அந்த நாளில் விளையாடலாமா என்பதில் கிறித்தவர்களுக்குள்ளேயே பெரும் சண்டை நடந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மக்கள் ஆடலாம், வில்வித்தை பழகலாம் என்று இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1618இல் ஆணை வெளியிட்டார். தூய்மைவாதிகள் கொதித்தார்கள். 1633இல் சார்லஸ் மன்னர் அதை மறுபடி வெளியிட, 1643இல் நாடாளுமன்றம் அந்த ஆணைப் புத்தகத்தையே பொது இடத்தில் எரிக்கச் சொன்னது. 1846இல் நீலகிரியின் கேத்திக்கு வந்த பாசல் மிஷன் பாதிரிமாரும் ஆட்டபாட்டத்தை ஐயத்தோடு பார்க்கும் ஜெர்மன் பக்தி மரபைச் சேர்ந்தவர்களே.

அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே, 13ஆம் நூற்றாண்டில், தாமஸ் அக்குவினாஸ் இதற்குப் பதில் எழுதிவைத்திருந்தார். எப்போதும் நாணேற்றி வைத்த வில் ஒடிந்துபோவதுபோல் ஓயாமல் இறுகிய மனமும் ஒடியும் என்ற பழைய துறவிகள் கதையை அவர் எடுத்தாள்கிறார். அளவுமீறிய வேடிக்கை குற்றம் என்கிறார்; கூடவே, தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பவனிடமும் குற்றம் காண்கிறார். அவர் வைக்கும் நிபந்தனைகளும் கடினமானவை அல்ல: வேடிக்கை ஆபாசமாகவோ பிறரைப் புண்படுத்துவதாகவோ இருக்கக் கூடாது, மனம் தன் நிலையை முற்றாக இழக்கக் கூடாது, இடமும் நேரமும் ஆளும் பொருந்தவேண்டும்.

இஸ்லாத்தில் வெள்ளிக்கிழமை ஓய்வு நாளே அல்ல. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கலைந்துபோய்ப் பிழைப்பைத் தேடலாம் என்கிறது குர்ஆன். பெருநாளைக்குக் களிப்பு தடையில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை நபிகள் நாயகம் தம் மனைவி ஆயிஷாவோடு நின்று பார்த்த செய்தி ஹதீஸ்களில் இருக்கிறது.

தமிழ் மரபில் கேள்வி இன்னும் இளகிவிடுகிறது. ஆடும் தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் ஆட்டத்தைப் பகைக்க முடியாது. மதுரைச் சொக்கநாதரின் செயல்களைச் சொல்லும் புராணத்துக்கே திருவிளையாடல் என்று பெயர். படைப்பு கடவுளின் லீலை என்பது வேதாந்திகளின் கொள்கை. இளைஞர் கூட்டாளிகளும் பக்தியும் ஒன்றாய்ச் சேரும் இடத்தைப் பார்க்கவேண்டுமானால் பாவை நோன்பைப் பார்க்கவேண்டும். திருப்பாவையின் 30 பாட்டிலும் திருவெம்பாவையின் 20 பாட்டிலும் தோழியர் ஒருத்தியை ஒருத்தி எழுப்புவதும், தூங்குமூஞ்சியைக் கிண்டல் செய்வதும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கேலியை நீக்கிவிட்டால் நோன்புக்குப் போகும் கூட்டமே இல்லை. (மார்கழியில் புல்வெளியெல்லாம் உறைபனி படரும் ஊட்டியில் விடியற்காலை நீராட எழுப்புகிற தோழிக்குத் திட்டும் சேர்ந்து கிடைக்கும்.)

இதைவிடத் துணிச்சலானது காமன் பண்டிகை. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, டேப் அடித்து லாவணி பாடி விடியவிடிய வழக்காடுவார்கள். ஒரு சமயக் கேள்வியையே பந்தயமாக்கி, எதிர்க்கட்சியை மடக்கி, கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். அதனால் யாருடைய நம்பிக்கையும் குறைந்துபோவதில்லை. காமன் கூத்து இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தின் பெரிய நிகழ்ச்சி. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அந்த மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவும்தான் இன்று கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் கொழுந்து பறிக்கின்றன. நீலகிரியின் படுகரிடம் போனாலும் இதே கதை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தித் தங்கள் ஊர்களான அட்டிகளிலிருந்து வரும் இளைஞர்களுக்கு வட்டமாய் நின்று ஆடும் ஆட்டமும் வழிபாடும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல.

ஆகவே கோயிலுக்குப் போய்வந்து கிரிக்கெட் ஆடும் மாணவன் பக்தியில் பாதி மதிப்பெண் வாங்கியவன் அல்லன். வீட்டாரோடும் கூட்டாளிகளோடும் சேர்ந்து போவதாலேயே பெரும்பாலோர்க்கு மதம் கைவருகிறது. தனியே உட்கார்ந்து யோசித்து நம்பிக்கைக்கு வந்தவர்கள் எந்தக் காலத்திலும் சிறு தொகையினர். எதிர்வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. களிப்பு மட்டும் மிஞ்சி நாள் வெறும் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடக் கூடும். ஆனால் நீலகிரியில் அந்த நாளுக்கு வந்திருக்கும் நெருக்கடி சிரிப்பால் வந்ததல்ல.

சமவெளிக்காரரின் வார இறுதிதான் இம்மலையின் உச்சக்கட்ட வேலைநேரம். கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் நாளுக்கு 8,000 என நீதிமன்றம் வரம்பு வைத்தது. அத்தனை வண்டிகளும் வந்திறங்கும் சனி, ஞாயிறுகளில் ஓட்டலில் பரிமாறவும், வர்க்கி, சாக்லெட் கடையில் நிற்கவும், டாக்ஸி ஓட்டவும் உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டும். கல்லூரி மாணவரும் அதில் அடக்கம். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் ஓய்வைத் தின்கிறது.

ஓய்வுநாளைப் பற்றிய விவிலியக் கட்டளை இந்த ஆபத்தை முன்பே கண்டிருக்கிறது. வீட்டுத் தலைவனோடு அது நின்றுவிடவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, ஊரில் தங்கிய அந்நியன் வரை பெயர் சொல்லி ஓய்வில் சேர்க்கிறது. அந்த நாளில் சிரிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்நாளுக்குச் செய்யும் குற்றம் விளையாடுவது அல்ல, ஒருவருக்கு அந்நாளே இல்லாமல் செய்வதுதான் என்று இதிலிருந்து கொள்வதே பொருத்தம். ஞாயிறன்று வேலைக்குப் போகவேண்டிய கத்தோலிக்கருக்கு 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். வீட்டாரோடு உண்பதற்கும் கூட்டாளிகளோடு ஆடுவதற்கும் அப்படி ஒரு மாற்று நாளை வேலை கொடுப்பவர்தான் ஒதுக்கித் தரவேண்டும்.