நிலாவை மாற்றியவர்கள்

கடுங்கட்டுப்பாட்டில் சிக்கிய வருங்காலச் சமூகமொன்றைப் படைத்து, அதன்வழி நிகழ்காலத்தை எச்சரிக்கும் புதினத்தைத் திறனாய்வாளர்கள் ‘டிஸ்டோப்பியா’ வகை என்பர். தமிழில் அதற்குப் பலரும் அறிந்த சான்று, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. கதை நிகழும் 2021ஆம் ஆண்டின் இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். அங்கே பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும்.

நாயகி நிலா தொடக்கத்தில் ஆட்சியின்மீது ஐயமே கொள்ளாத, கணவன் சிபியைச் சார்ந்து வாழும் எளிய பெண். சிபி காணாமற்போன நிலையில், ரவி என்னும் இளைஞனும் அவனுடைய இயந்திர நாய் ஜீனோவும் அவள் வாழ்வில் நுழைகின்றனர். ரவி ஆட்சியைக் கவிழ்க்கும் திட்டத்தோடு வந்தவன். அத்திட்டத்தில் நிலாவும் ஒரு கருவி. ஜீனோவோ நூல்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்கி, அவளிடம் எதையும் எதிர்பாராமல் அவள் நலத்தைக் கருதுகிறது. மக்கள் கண்ட ஜீவா, ஒளியால் உருவாக்கிய முப்பரிமாணப் பிம்பமே என்ற உண்மையைத் தாங்கும் துணிவு நிலாவுக்கு வாய்த்ததென்றால், தன்னை ஒரு பொருட்டாக மதித்த அந்தத் துணையே அதற்குக் காரணம் எனலாம்.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். அந்நகரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள ஓசூரும், அதை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டமும் இன்று இயந்திரமும் மனிதரும் அருகருகே உழைக்கும் பகுதிகள். அவர் கதைக்குக் குறித்த அதே 2021இல்தான் போச்சம்பள்ளி அருகே ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. முழுவதும் பெண்களே அதை நடத்துவர் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. இப்பகுதியின் ஆலைகளை ஜீவாவின் ஆட்சியோடு ஒப்பிடுவது நியாயமாகாது. கிராமத்துப் பெண்ணின் கையில் சொந்தச் சம்பளத்தைத் தந்தவை இவையே. ஆயினும் ஷிப்ட், ஹாஸ்டல், கம்பெனி பஸ் என்று நாள் முழுவதும் பிறரால் வகுக்கப்படும் வாழ்வில், ஒருவர் மற்றவரை உள்ளபடி சந்திக்க நேரம் எஞ்சுகிறதா என்ற கேள்வி இங்கும் எழுகிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் முன்பே கலந்து புழங்கும் இம்மண்ணுக்கு இப்போது வடமாநில இளைஞரும் வருகின்றனர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி விழும் ஜார்க்கண்ட் பெண்ணைத் தருமபுரிப் பெண் தோளில் சாய்த்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் எழுப்பி, ‘சாப்ட்டியா?’ என்று கேட்டால், அக்கேள்வியில் உற்பத்திக் கணக்கு ஏதுமில்லை. ஓர் ஊரின் வளர்ச்சியை அளப்போர் ஆலைகளை எண்ணுவதோடு, பயன் கருதாத அத்தகைய விசாரிப்புக்கு அங்கே எவ்வளவு நேரமும் இடமும் விடப்பட்டுள்ளன என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஏனெனில், தனக்கு இழைக்கப்படுவது சரியா என்று கேட்கும் துணிவு, தன்னைப் பொருட்படுத்தும் ஒருவரேனும் அருகில் உள்ளவருக்கே எளிதில் வாய்க்கிறது.