கையும் கவியும்

கவிதை ஒரு சிலருக்கே வாய்த்த அருட்பேறு என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கருவிலே திருவுடையார் பாடுவர், ஏனையோர் கேட்டு மகிழ்வர் என்பதே அதன் சாரம். இக்கருத்துப் பாடசாலைக்குள் நுழையும்போது, யார் பேசலாம், யார் கேட்டிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சமூக நியதியாகிவிடுகின்றது. ஆகவே, சின்னஞ் சிறுவரைக் கவிதை எழுதப் பழக்கலாமா என்பது அடிப்படையில் ஓர் அறவினாவேயாகும்.

நமது மொழி இதற்கு மாறான எண்ணமொன்றைக் காத்து வைத்திருக்கின்றது. செய்யப்படுவது செய்யுள். இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்பது ஒரே பெயர். சொல்லைப் பஞ்சுக்கும், புலவனை நூற்கும் பெண்ணுக்கும், வாயைக் கைக்கும், மதியைக் கதிருக்கும் ஒப்பிடுகின்றது நன்னூற் பாயிரம். பரீட்சைக்காக இதனை மனனஞ் செய்த நாம், நூற்பவளின் உழைப்பும் புலவனின் உழைப்பும் ஓரினத்தவை என்ற அதன் உட்கருத்தை வகுப்பறையில் ஒருபோதும் செயற்படுத்தியதில்லை.

செயற்படுத்திய ஒருவர் பிரான்ஸ் தேசத்து ஆசிரியர் செலஸ்தான் பிரெனே. 1896இற் பிறந்த அவர் முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்றவர். நீண்ட நேரம் உரத்துப் பேச இயலாத நிலையில், 1920இல் தென்பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியரானார். 1924இற் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறையினுள்ளே கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் கனவில் வந்ததையும் எழுதினர். வகுப்புக் கூடிப் படித்துத் தெரிந்தெடுத்ததை ஈய எழுத்துக்களாற் கோத்து, மை தடவி அச்சிட்டனர். அத்தாள்கள் பிரிட்டனி மாகாணத்துப் பாடசாலையொன்றுக்குத் தபாலிற் சென்றன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன.

இங்கு கைத்தொழில் கவிதைக்கு வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும் சிறுவனுக்கு ஒரு சொல்லின் விலை தெரிந்துவிடுகின்றது. வேண்டாத அடைமொழிக்காகப் பத்து எழுத்துக்களைத் தேடியெடுக்க அவன் விரல் மறுக்கும். அப்போது சொற்சுருக்கத்தையும் வரியின் எல்லையையும் ஒருவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் சிவப்பு மை வெட்டிய சொல் பிள்ளையை அடக்குகின்றது. பிள்ளை தானே வெட்டிய சொல் அதனை வளர்க்கின்றது.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) நம் சிறுவருக்குத் தந்த பாடல்கள் பெருஞ்செல்வம். ஆயினும் பிள்ளைகளுக்காகப் பெரியோர் பாடுவது ஒன்று. பிள்ளைகள் தாமே பாடுவது மற்றொன்று. முன்னையது பின்னையதன் இடத்தை நிரப்பாது. பரிசளிப்பு விழாவிலே எட்டு வயதுப் பிள்ளை ‘தானியற்றிய’ கவிதையை ஒப்புவிக்கின்றது. அதன் எதுகையும் மோனையும் தந்தையுடையவை, கருத்து ஆசிரியருடையது, குரல் மட்டுமே பிள்ளையுடையது. கைதட்டும் நாம், பிறர் சொல்லைத் தன் சொல்லென்று கூறும் பழக்கத்தையன்றோ அதற்குக் கற்பிக்கின்றோம்!

பிள்ளையின் சொல்லை மெய்யாகவே ஏற்பதற்கு விலையும் உண்டு. பின்னர் சென்-போல்-த-வான்ஸ் கிராமத்திற் பிரெனே கற்பித்தபோது, பாடசாலைக்கு இலவசப் பொருள்களைத் தர மறுத்த நகரபிதாவுக்கு எதிராகப் பிள்ளைகள் கிளர்ந்தெழுவதாகத் தான் கண்ட கனவை ஒரு மாணவன் எழுதினான். 1932இல் எதிரிகள் அவ்வெழுத்தையே சுவர்களில் ஒட்டி, ஆசிரியர் பிள்ளைகளைக் கெடுக்கின்றார் என்று பிரசாரஞ் செய்தனர். 1933இல் அவர் அங்கிருந்து விலக நேர்ந்தது. வறிய பாடசாலையின் குறையைப் பிள்ளையின் கனவு சொல்லிவிட்டது. குறை தீர்க்கப்படவில்லை, சொல்ல இடங்கொடுத்தவர் தண்டிக்கப்பட்டார். பிரெனே பின்னர் வான்சிலே சொந்தப் பாடசாலை அமைத்து, 1966இல் இறக்கும்வரை தம் பணியைத் தொடர்ந்தார்.

இனி, நம் பக்கத்திலிருந்தே எழக்கூடிய தடையொன்றுண்டு. ‘உழைப்பாளியின் பிள்ளைக்குக் கைவேலை, செல்வன் பிள்ளைக்கு இலக்கியம் என்ற பழைய பாகுபாடுதானே இது?’ என்று தோழர்கள் வினவலாம். ஐயம் நியாயமானதே. 1930களில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டத்தை, கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலேயே நிறுத்தும் சூழ்ச்சியெனப் பலர் ஐயுற்றனர். 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த, நூற்றலை நடுவாகக் கொண்ட கல்வியும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. ஆனால், கையை நூலிலிருந்து பிரிக்கும் கைவேலை வேறு. கையை நூலுக்குள் இட்டுச்செல்லும் கைவேலை வேறு. தன் சொல்லைத் தானே நூலாக்கும் பிள்ளைக்கு அச்சிட்ட எழுத்து அச்சுறுத்தும் பொருளாகத் தோன்றாது. எழுத்தும் மனிதர் செய்ததே, மாற்றக்கூடியதே என்பதை அது அறிந்துகொள்கின்றது.

247 எழுத்துக்களையுடைய நம் நெடுங்கணக்குக்கு அச்செழுத்துத் தேடுவது சிறு வகுப்புக்கு எளிதன்று. தேடவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு தாளை மூன்று முறை மடித்து, தைத்து, ஓரங்களை வெட்டினால் 16 பக்கச் சிறுநூல் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு வரியென்றால், வரி எங்கே முடியும் என்று தாளே பிள்ளையைக் கேட்கும். பழைய பத்திரிகையிற் சொற்களை வெட்டி, மட்டையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து ஒட்டலாம். குறுக்கே வெட்டிய வெண்டிக்காயை வர்ணத்திலே தோய்த்துப் பூப்போல் பதிக்கலாம். எழுதத் தெரியாத பிள்ளை சொல்ல, ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றாது எழுதிக் கொடுக்கலாம். ஒன்றே எச்சரிக்கை: பூ ஒட்டும் ஆர்வம் சொல்லை விழுங்கிவிடலாகாது.

இவையெல்லாம் எளியவை, கடினமான பகுதி ஆசிரியருடையது. பிள்ளை மயிலையும் நிலாவையும் பாடினால் நாம் மகிழ்வோம். இரவுச் சோறில்லாத வீட்டையோ, நம் கைப் பிரம்பையோ பாடினால்? அந்தத் தாளையும் அதே கவனத்தோடு தைத்து, ஏனைய நூல்களோடு ஒன்றாகச் சுவரோரத் தட்டில் வைக்கும் துணிவுள்ளவரே பிள்ளையிடம் கவிதை கேட்கும் உரிமையுடையவர்.